கொட்டிக்கிழங்கு யாருடைய கவலை?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் நம்ம ஊர் கொட்டிச் செடிக்கும் ஒரு இடம் இருக்கிறது. அபோனோஜெட்டான் நேட்டன்ஸ் என்ற அறிவியல் பெயருக்கு எதிரே 'கவலை குறைந்த இனம்' என்று போட்டிருக்கிறார்கள். இந்தச் செடி உலகத்திலிருந்தே அழிந்துபோகும் ஆபத்து இப்போதைக்கு இல்லை என்று பொருள். அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி வேறு. உங்கள் ஊர் ஏரியில் கொட்டி இருக்கிறதா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பார்த்தால் அடையாளம் தெரியுமா?

இந்தக் கேள்வியை உங்கள் வயதுள்ள பத்து பேரிடம் கேளுங்கள். பிறகு சேரியில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாக்களிடம் கேளுங்கள். இரண்டு பதில்களுக்கும் இடையில் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரை. ஒரு செடி எப்படி நம் கண் முன்னே அரிதாகிறது, அந்த இழப்பு ஏன் யாருடைய கணக்கிலும் வருவதில்லை, அதற்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம்.

கொட்டி ஒரு நீர்க்கொடி அல்ல, கிழங்குச் செடி. சேற்றுக்குள் சிறு கிழங்கு இருக்கும். அதிலிருந்து நீளமான காம்புகள் கிளம்பி மேலே வரும். இலைகள் நீள்வட்டமாக, நீர்ப்பரப்பில் படிந்து மிதக்கும். தாமரை இலை போலவோ அல்லி இலை போலவோ வட்டமாக இருக்காது. மழைக்காலத்தில் இலைகளுக்கு நடுவே தண்ணீரைவிட்டு மேலே ஒரு பூக்கதிர் நிமிரும். அதில் வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, வெளிர் ஊதாவாகவோ பொடிப்பொடியாகப் பூக்கள் நெருக்கமாக இருக்கும். அல்லியைப் போல ஆளை நிறுத்திப் பார்க்க வைக்கும் பூ அல்ல. தெரிந்தவர் காட்டினால்தான் தெரியும்.

இந்தச் செடிக்குப் பிடித்த இடம் ஆழம் குறைந்த, தேங்கிய அல்லது மெல்ல நகரும் நன்னீர். குளம், குட்டை, தாங்கல், ஏரியின் உள்வாயில் கரைக்கு எதிர்ப்புறம் மெதுவாகச் சரிந்து ஏறும் மேட்டுப் பகுதி, தண்ணீர் நிற்கும் வயல், சாலையோரப் பள்ளம். இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வருடத்தில் சில மாதம் தண்ணீர் நிற்கும், சில மாதம் காய்ந்து வெடிக்கும். இலையெல்லாம் கருகிப் போனாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறினால் மறுபடி துளிர்க்கும். நம் பருவமழையின் தாளத்துக்கே பழகிய செடி இது.

ஔவையார் பெயரில் வழங்கும் மூதுரையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தண்ணீர் வற்றியதும் குளத்தைவிட்டுப் பறந்துவிடும் பறவைகளுக்கு எதிராக, குளத்தோடே கிடக்கும் உறவுக்கு அங்கே உவமையாக வருபவை கொட்டியும் ஆம்பலும் நெய்தலும். உவமையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். அந்தக் கொட்டி எது என்று எந்த வாத்தியாரும் நம்மைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதில்லை.

கிழங்கு சாப்பிடக்கூடியது. வேகவைத்தோ சுட்டோ தின்பார்கள். சித்த மருத்துவத்திலும் இதன் பெயர் உண்டு. இலங்கையில் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடியின் கிழங்கும் பூந்தண்டும் இன்றும் உணவு. ஆனால் தமிழ்நாட்டில் கொட்டிக்கிழங்கு ஒருபோதும் பந்தியில் வைக்கப்பட்ட உணவு அல்ல. தண்ணீர் வற்றி வரும் மாதங்களில், கூலி வேலை இல்லாத நாட்களில், சேற்றில் இறங்கித் தோண்டி எடுத்த உணவு. ஆம்பலுக்கும் இதே கதைதான். புறநானூற்றிலேயே ஆம்பல் விதையின் அரிசி, கணவனை இழந்த பெண்ணின் சாப்பாடாக வருகிறது. ஈராயிரம் ஆண்டுகளாக நீர்நிலையில் தானாக விளைவது, வேறு எதுவும் கிடைக்காதவர்களின் பங்காக இருந்திருக்கிறது.

இப்போது அந்தப் பங்கு சுருங்கிக்கொண்டே போகிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, ஆழம். ஏரியைத் தூர்வாருகிறோம் என்று பொக்லைன் இறக்கினால், முதலில் போவது மேல் அடுக்கு வண்டல். கொட்டியின் கிழங்கு உறங்குவது அங்கேதான். லாரி லாரியாக மண்ணோடு கிழங்கும் வெளியே போய்விடும். பிறகு மிஞ்சுவது செங்குத்தாக வெட்டிய பள்ளம். சரிவாக இருந்த உள்வாய் கிணறுபோல ஆனபின், அடியில் வெளிச்சம் போதாது, வேர் பிடிக்கத் தோதான ஓரம் இருக்காது. தூர்வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டல் சேர்ந்தால் ஏரி செத்துப்போகும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்ற கேள்வியே கேட்கப்படுவதில்லை என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு, தண்ணீரின் தரம். சாக்கடையும் உரமும் கலந்த ஏரியில் ஆகாயத்தாமரை ஒரே பருவத்தில் பாய் விரித்துவிடும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி மூடிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது. கரையோரத்தை நெய்வேலிக் காட்டாமணக்கும், காய்ந்த உள்வாயைச் சீமைக் கருவேலமும் பிடித்துக்கொள்ளும்.

மூன்று, மீன் வளர்ப்பு. ஏலம் எடுத்தவர் புல் கெண்டைக் குஞ்சுகளை விட்டால் அவை நீர்த்தாவரங்களைத் தின்றுதான் வளரும். அதற்காகவே அந்த மீனைக் கொண்டுவந்தார்கள்.

நான்கு, வயல். நெல் வயலில் கொட்டி ஒரு களை. கையால் களை பறித்த காலத்தில் பறித்த பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்தவை ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை. கூலியோடு சேர்ந்த கீரை அது. 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் வந்தபின் கூலி நாட்களும் குறைந்தன, மடியும் காலியானது.

ஐந்து, ஆக்கிரமிப்பு. குட்டையும் தாங்கலும் பேருந்து நிலையமாகவும், அரசு அலுவலகமாகவும், வீட்டுமனையாகவும் ஆன கதை எல்லா ஊரிலும் உண்டு.

இத்தனையும் நடந்தாலும் சிவப்புப் பட்டியலில் 'கவலை குறைந்த இனம்' என்பது மாறாது. ஏன் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் ஒரு இனம் முழுவதுக்குமான அழிவு அபாயத்தை அளக்கிறது. பரவலை அளவுகோலாக எடுத்தால், 20,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் ஒடுங்கி, அதிலும் சிதறியும் சுருங்கியும் வரும் இனம்தான் குறைந்தபட்ச அபாயப் பிரிவுக்குள் நுழைய முடியும். எண்ணிக்கைச் சரிவை எடுத்தால், பத்து ஆண்டில் அல்லது மூன்று தலைமுறையில் குறைந்தது 30 விழுக்காடு வீழ்ந்ததற்குச் சான்று வேண்டும். இந்தியா, இலங்கை, வங்கதேசம் என்று பரவிக் கிடக்கும் கொட்டி முதல் அளவுகோலுக்குள் வராது. இரண்டாவதற்கு யாராவது எண்ணியிருக்க வேண்டும். புலியை எண்ணுகிறோம், யானையை எண்ணுகிறோம், வலசை வரும் பறவையை எண்ணுகிறோம். ஒரு மாவட்டத்தின் குட்டைகளில் கொட்டி எத்தனையில் இருந்தது, எத்தனையில் போனது என்று எண்ணுவதற்கு ஆள் அனுப்பியதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஆக, 'கவலை குறைவு' என்ற சொல்லை உலகக் கணக்காக மட்டும் படிக்க வேண்டும். உங்கள் ஊர்க் கணக்கை அது சொல்லாது. ஒரு ஊரில் கொட்டி அற்றுப்போனால் உலகுக்கு இழப்பில்லை. அந்த ஊரில் அதைத் தோண்டித் தின்றவர்களுக்கு அது முழு இழப்பு. எண்ணப்படாத மனிதர்களின் உணவு, எண்ணப்படாத செடியாக இருப்பதில் வியப்பு என்ன?

சரி, சட்டம் காப்பாற்றுமா?

2017-ல் ஒன்றிய அரசு ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. அதில் ஈரநிலம் எது என்று வரையறுக்கும் இடத்தைப் படியுங்கள். ஆற்றின் வழித்தடம், நெல் வயல், குடிநீருக்காக மனிதர் உண்டாக்கிய நீர்நிலை, பாசனத்துக்கும் மீன் வளர்ப்புக்கும் உப்பு உற்பத்திக்கும் பொழுதுபோக்குக்கும் என்றே உண்டாக்கிய அமைப்புகள், இவை எல்லாம் விலக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருப்பதாகச் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை பாசனத்துக்காக மனிதர் வெட்டியவை. நெல் வயலும் இல்லை, பாசன ஏரியும் இல்லை, ஊருணியும் இல்லை என்றால் கொட்டி வளரும் இடத்தில் என்ன மிச்சம்? நம் முன்னோர் தலைச்சுமையாக மண் சுமந்து கட்டிய ஏரி, கொட்டிக்கு வீடாகி நூற்றாண்டுகள் ஆகின்றன. சட்டத்தின் கண்ணுக்கு அது ஈரநிலமே இல்லை.

விதிவிலக்கு உண்டு. ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டவை. 2002-ல் கோடியக்கரையில் தொடங்கி 2025 பிப்ரவரிக்குள் தமிழ்நாட்டில் 20 ராம்சர் தளங்கள் வந்துவிட்டன. நாட்டிலேயே இதுதான் அதிகம். வேடந்தாங்கலும் கரைவெட்டியும் வடுவூரும் அதில் இருக்கின்றன. மூன்றும் பாசன ஏரிகளே. அவை காப்பாற்றப்படுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றுக்கு அந்த மரியாதையை வாங்கிக் கொடுத்தவை பறவைகள். மூதுரை எந்தப் பறவையைப் பற்றிச் சொன்னதோ, தண்ணீர் வற்றினால் பறந்துவிடும் அந்தப் பறவை. குளத்தோடே கிடக்கும் செடிக்காகவும், குளத்தைவிட்டால் போக இடமில்லாத மனிதருக்காகவும் ஒரு ஏரி காக்கப்பட்டதாக நான் இன்னும் படிக்கவில்லை.

இங்கேதான் சாதி வருகிறது. "செடி விஷயத்திலும் சாதியா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்: ஏரி யாருடையது?

அரசு ஆவணத்தில் ஏரி புறம்போக்கு, எல்லோருக்கும் பொது. நடைமுறையில் அதன்மேல் முடிவெடுப்பவர்கள் வேறு. 2000-ல் வந்த தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உண்டாக்கியது. அதில் உறுப்பினர் என்றால் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். 2017-ல் குடிமராமத்துத் திட்டம் மறுபடி தொடங்கியபோதும் ஏரி வேலைகள் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள் வழியாகத்தான் நடந்தன. மீன்பாசி ஏலம் எடுக்கக் கையில் பணம் வேண்டும். ஆக ஏரியின் ஆழம், மதகு திறக்கும் நாள், எந்த மீன் விடுவது, எந்தப் புல்லை அழிப்பது என்ற முடிவு எதிலும் நிலமில்லாதவருக்குக் குரல் இல்லை.

நிலமில்லாதவர் யார்? நாட்டு மக்கள்தொகையில் ஆறில் ஒருவர் பட்டியல் சாதியினர். வேளாண் கணக்கெடுப்பைப் பாருங்கள், சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, அதன் தொடர்ச்சியாக 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று நம்மிடம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நிலம் இல்லாதவருக்கு ஏரிதான் நிலம். கோரை, விறகு, கீரை, நண்டு, நத்தை, கிழங்கு எல்லாம் அங்கிருந்துதான். மடையைத் திறந்து மூடி, கரையில் காவல் இருந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகளே. ஏரியின் ஒவ்வொரு அடியும் தெரிந்தவர்கள் அவர்கள். ஏரிக்கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

1927 மார்ச் 20 அன்று மகாடு நகரத்தின் சவ்தார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அந்தப் போராட்டத்தின் முன்கதை நமக்கு முக்கியம். 1923-லேயே பம்பாய் சட்டமன்றம், பொதுநீர்நிலைகள் எல்லோருக்கும் திறந்தவை என்று தீர்மானம் போட்டுவிட்டது. மகாடு நகராட்சியும் அதை ஏற்றது. தாளில் குளம் திறந்துதான் இருந்தது. கால் வைக்கத்தான் முடியவில்லை. வழக்கு நடந்து, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிவு கிடைக்க 1937 ஆனது. தாளில் உள்ள உரிமையைத் தண்ணீரில் எழுதுவதற்கு மனிதர்கள் இறங்க வேண்டியிருந்தது.

இன்று நம்மிடம் அதைவிட வலுவான தாள்கள் இருக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை எதையும் பயன்படுத்த சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. 2015-ல் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பதே குற்றம் என்று 3(1)(za) பிரிவில் எழுதியிருக்கிறது. குடிக்கும் தண்ணீர் மட்டும் அல்ல, ஏரியில் விளைவதும் பொதுவளம். கிழங்கு தோண்டப் போனவரை "ஏரியைக் கலக்குகிறாய்" என்று சாதி சொல்லி விரட்டினால், அது ஊர்க் கட்டுப்பாடு என்று சகித்துக்கொள்ளும் விஷயம் இல்லை.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். நீர்நிலைப் பாதுகாப்பு என்ற சொல் நம்மீதே திரும்பும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று இயந்திரம் புறப்பட்டால் அது முதலில் வந்து நிற்பது ஏரிப் புறம்போக்கில் உள்ள குடிசை வாசலில். வேறு எங்கும் மனை கிடைக்காமல், ஊர் ஒதுக்கிய ஓரத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களின் வாசல் அது. வரத்துக் கால்வாயை மறித்த தொழிற்சாலைச் சுவருக்கும் கல்லூரி மதிலுக்கும் தவணைமேல் தவணை கிடைக்கும். ஊர்ப் பொதுநிலங்களை மீட்கச் சொல்லும் 2011-ஆம் ஆண்டின் ஜக்பால் சிங் தீர்ப்பை அதிகாரிகள் அடிக்கடி காட்டுவார்கள். அதே தீர்ப்பில், நிலமற்ற கூலிகளுக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ அரசு ஆணையின்படி குத்தகை கொடுத்திருந்தால் விதிவிலக்காக வரன்முறைப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்தியை மட்டும் யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள். நாம்தான் படித்துக் காட்ட வேண்டும். குடிசையைப் பெயர்த்துவிட்டு, கரைமேல் நடைபாதையும் செல்ஃபி மேடையும் போட்டு, உள்வாயைக் கிண்ணம்போல வெட்டிவைத்தால் அதற்குப் பெயர் ஏரிச் சீரமைப்பு. அதில் சேரியும் போகும், கொட்டியும் போகும். இரண்டுக்கும் ஆபத்து ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது.

நம் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வரும். "படித்து வேலைக்குப் போகும் தலைமுறையை மறுபடி சேற்றில் இறங்கிக் கிழங்கு தோண்டச் சொல்கிறாயா?"

நியாயமான கேள்வி. பசிக்குத் தின்றதைப் பாரம்பரியம் என்று கொண்டாடும் கூட்டத்தில் நான் இல்லை. பஞ்சத்தில் கொட்டிக்கிழங்கு தின்றது பெருமை இல்லை, அந்தப் பஞ்சத்தை உண்டாக்கியவர்களுக்கு அவமானம். அந்த நாட்களை நம் பாட்டிகள் பேச மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பேசினால் "சேற்றுக்கிழங்கு தின்றவர்கள்" என்ற ஏளனம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று அதே உணவுகள் நகரத்து இயற்கை அங்காடியில் 'மறந்துபோன உணவு' என்ற அட்டையோடு விலைக்கு வரலாம். கொட்டியின் பேரினத்துச் செடிகள் மீன்தொட்டி அலங்காரத்துக்காக ஏற்கெனவே உலகச் சந்தையில் விற்பனை ஆகின்றன. தோண்டியவருக்கு ஏளனம், விற்றவருக்குக் காசு என்ற பழைய கணக்கு அங்கேயும் தொடரும்.

தின்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். விருப்பம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் செடி இருக்க வேண்டும், ஏரிக்குள் இறங்கும் உரிமை இருக்க வேண்டும். வேலைக்குப் போய்விட்ட பேத்தி கிழங்கு தோண்ட வேண்டியதில்லை. ஆனால் அவளுடைய பாட்டி அந்த ஏரியைப் பற்றி அறிந்தது அறிவு என்று ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். எந்த மூலையில் கொட்டி வரும், எந்த மாதம் கிழங்கு முற்றும், எவ்வளவு எடுத்தால் அடுத்த வருஷம் மறுபடி வரும் என்று சொல்லத் தெரிந்தவர் ஒரு நிபுணர். பட்டம் இல்லை என்பதால் அவரைத் தகவலாளி என்று மட்டும் எழுதிவிட்டு, பெயரைக்கூடக் கேட்காமல் போகும் ஆய்வுகளைப் பார்த்திருக்கிறோம்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிரியல் பன்மய மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. 2004-ல் வந்த விதிகள், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன. அந்தக் குழுவின் முதல் வேலை, ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பன்மயப் பதிவேடு எழுதுவது. வேலை நடக்கவில்லை என்று வழக்குப் போய், 2020 ஜனவரி 31-க்குள் எல்லா ஊர்களிலும் முடிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்குப் பயந்து எழுதிய பதிவேட்டில் யார் யாரைக் கேட்டிருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே போய்ப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். எல்லாம் ஒரு கல்லூரி மாணவர் குழு செய்யக்கூடியவை.

உங்கள் ஊராட்சியின் மக்கள் பன்மயப் பதிவேட்டின் நகலையும் மேலாண்மைக் குழு உறுப்பினர் பட்டியலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குழுவில் நம்மவர் இருக்கிறாரா, அவருக்கே அது தெரியுமா என்று விசாரியுங்கள். பதிவேட்டில் கொட்டி, ஆம்பல், கோரை, ஆரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி, குட்டை, தாங்கல், வயல் வரப்பு என்று நடந்து பாருங்கள். மூத்த பெண்களை முன்னால் நடக்க விடுங்கள். கொட்டி கண்ட இடத்தைப் படம் எடுத்து, நாள், இடம், நீரின் ஆழம் குறித்து வையுங்கள். முன்பு இருந்து இப்போது இல்லாத இடத்தையும் குறியுங்கள். இல்லாததைக் குறிப்பதுதான் அதிக முக்கியம், சரிவுக்கு வேறு சான்று கிடையாது. சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரை எழுதுங்கள். தாவரவியல் படிக்கும் தோழர்கள் இதைச் செய்முறைப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபை மழைக்காலத்தில்தான் வருகிறது. கொட்டியை அடையாளம் காண ஏற்ற காலமும் அதுதான். ஒரு தீர்மானம் கொண்டுபோங்கள். ஏரி ஆழப்படுத்தும் எந்த வேலையிலும் உள்வாயின் மேட்டுச் சரிவில் ஒரு பகுதியை வெட்டாமல் விடுவது, அங்கே நிலமற்ற குடும்பங்கள் கீரை, கிழங்கு, கோரை எடுக்கும் உரிமையை ஏலத்துக்கு வெளியே வைப்பது, புல் கெண்டை விடுவதற்கு முன் சபையின் ஒப்புதல் பெறுவது. மூன்றே வரி. பொறியாளரின் மதிப்பீட்டில் செலவு ஏறாது, வெட்டும் மண் குறைவதால் இறங்கவும் செய்யலாம்.

மாநில அளவில் கேட்க வேண்டியவை இரண்டு. சிவப்புப் பட்டியலின் அளவுகோலை ஒரு நாட்டுக்கோ மாநிலத்துக்கோ பொருத்திப் பார்க்கும் வழிமுறையை அந்தச் சங்கமே வகுத்திருக்கிறது. அதன்படி தமிழ்நாட்டின் நீர்த்தாவரங்களுக்கு மாநிலப் பட்டியல் ஒன்று தயாராக வேண்டும். அப்போது கொட்டி எந்தப் பிரிவில் வரும் என்பதை ஊர் ஊராக எண்ணிய கணக்கு முடிவு செய்யட்டும். அடுத்து, பாசன ஏரிகளை ஈரநிலப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளும் வரையறை மாற வேண்டும். மாறும்போது வீடிழக்கப் போகிறவர்களுக்கு மாற்று மனைப் பட்டா கையில் வந்த பிறகே எந்த அகற்றமும் என்பதும் அதில் இருக்க வேண்டும். சேரியைப் பெயர்த்துக் காக்கப்படும் ஏரி நமக்கு வேண்டாம்.

தோழர்களே, சுற்றுச்சூழல் என்றால் அது யாரோ வேறு ஆட்களின் பேச்சு, நமக்கு நிலமும் இடஒதுக்கீடும் மானமும் போதும் என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்கிறோம். நாம் ஒதுங்கிய இடத்தில் நம்மைக் கேட்காமலே ஏரியின் ஆழம் முடிவாகிறது. கொட்டிக்கிழங்கைப் பற்றிப் பேசும்போது நாம் பேசுவது நிலத்தைப் பற்றித்தான், தண்ணீரைப் பற்றித்தான், நம் பாட்டிகளின் மானத்தைப் பற்றித்தான்.

இந்த மழைக்குத் தண்ணீர் ஏறியதும் ஏரிக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இருக்கிறதா இல்லையா என்று எழுதி அனுப்புங்கள். எண்ணத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.